பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

பாண்டிமன்னன் குதிரை வாங்கிவருமாறு பொன் கொடுத்தனுப்ப, அப்பொன்னைத் திருப்பெருந்துறையிலே சிவபணிக்குச் செலவிட்ட திருவாதவூரரின் கதையை அறியாத சிறுவர் நம் வீடுகளில் இலர். நரி பரியானதும், பரி மீண்டும் நரியானதும், வைகை பெருகியதும், இறைவன் பிட்டுக்கு மண் சுமந்ததும் நம் நெஞ்சில் நிலைத்துள்ளன. ஆயினும் அக்கதையின் தொடக்கத்திலே கிடக்கும் சிறு வினா ஒன்றை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பாண்டியன் ஏன் கடற்கரைக்கு ஆள்விட்டுக் குதிரை வாங்கவேண்டும்? தன் நாட்டிலேயே குதிரைகளைப் பெருகச் செய்தல் இயலாதோ?

13ஆம் நூற்றாண்டின் இறுதியிலே பாண்டிநாட்டைக் கண்ட மார்க்கோ போலோ இதற்கு ஒருவாறு விடை தருகின்றார். அரபுநாட்டுத் துறைகளிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் அங்கு வந்திறங்கின என்றும், பெரும்பொருள் கொடுத்து வாங்கிய அவற்றுட் பல விரைவில் மடிந்தன என்றும், நல்ல ஆண்குதிரையும் நல்ல பெண்குதிரையும் சேர்ந்தும் கோணற்கால் கொண்ட பயனற்ற குட்டியே பிறந்தது என்றும் அவர் எழுதிவைத்தார். குதிரையை விலைகொடுத்து வாங்குதல் எளிது. அதன் வயிற்றிலே ஒரு நல்ல குட்டியைப் பெறுதல் அரிது. இவ்வுண்மையைப் பாண்டியர் அன்று அறிந்தனர். இன்று உலகின் பெருஞ்செல்வர்களும் அறிவர்.

இவ்வாரம் பெண்குதிரையின் கருப்பையைப் பற்றும் நோயையும், தொடக்கத்திலேயே கலையும் கருவையும் பற்றிச் சிறிது கூறுவோம். குடும்பத்தினர் கூடியிருந்து படிக்கும் இப்பக்கத்திற்கு இஃதென்ன பொருள் என்று முகஞ்சுளிக்கும் வாசகர் இறுதிவரை பொறுத்திருப்பாராக. குதிரையைப் பற்றித் தொடங்கும் இக்கட்டுரை நம் வீட்டு முற்றத்திலேயே முடியும்.

கிழக்கிலிருந்து சென்ற குருதி

பாண்டியனின் துறைகளுக்கு வந்த அதே கீழ்த்திசைக் குதிரையினம், பிற்காலத்தில் மேற்றிசைக்கும் சென்றது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஆண்குதிரைகளுள் மூன்று பெரும்புகழ் பெற்றன. அவற்றுள் ஒன்று 1704ஆம் ஆண்டிலே சிரியாவின் அலெப்போ நகரிலிருந்து சென்றது. இன்று உலகெங்கும் பந்தயத்தில் ஓடும் தரோபிறெட் என்னும் உயர்குலக் குதிரைகள் அனைத்தும் தந்தைவழியில் இம்மூன்றனுள் ஒன்றன் வழித்தோன்றல்களே. அக்குலத்தின் தாயகமாக விளங்குவது கேம்பிரிட்ஜ் நகருக்கு அணித்தாயுள்ள நியூமார்க்கெற் என்னும் ஊர்.

அங்குள்ள பண்ணைகளின் நடைமுறையை அறிந்தாலன்றி மேல்வருவது விளங்காது. தரோபிறெட் குலத்திலே செயற்கைமுறைச் சினைப்படுத்தலுக்கு இடமில்லை. பெண்குதிரையைப் பொலிகுதிரை நிற்கும் பண்ணைக்கே கொண்டுசெல்லல் வேண்டும். 1970ஆம் ஆண்டுகளில் ஒரு பொலிகுதிரைக்கு ஒரு பருவத்தில் நாற்பது பெண்குதிரைகள் வரை என்பது பொதுவழக்கு. இன்று அத்தொகை நூறையும் தாண்டும். குட்டி என்று பிறந்தாலும், வடகோளத்திலே அதன் பிறந்தநாள் சனவரி முதலாந் திகதி என்றே கணக்கிடப்படும். ஆகையால் ஆண்டின் முற்பகுதியில் பிறக்கும் குட்டிக்கே மதிப்பு அதிகம். சினைக்காலமோ ஏறத்தாழப் பதினொரு மாதம். பெப்ரவரி நடுப்பகுதியில் தொடங்கும் பருவம் யூலை நடுப்பகுதியில் முடிந்துவிடும். இச்சிறு காலத்துள் சினை தரிக்கவில்லையாயின் ஓராண்டு வீணாகும். அவ்வாண்டு ஏட்டிலே அப்பெண்குதிரையின் பெயருக்கு எதிரே ஒரு சொல் பொறிக்கப்படும். அச்சொல் 'மலடு' என்பது.

காரணம் யாதாயினும் அச்சொல் பொறிக்கப்படுவது பெண்குதிரையின் பெயருக்கு எதிரேயாம். இதனை வாசகர் நினைவில் இருத்துக.

உலாவும் கரு

குதிரையின் கருவுக்கு ஒரு விந்தையான இயல்பு உண்டு. கருவுற்ற முட்டை ஆறாம் நாளளவிற் கருப்பையை அடைகின்றது. அடைந்ததும் ஓரிடத்திலே ஒட்டிக்கொள்வதில்லை. மெல்லிய உறையொன்றினாற் காக்கப்பட்ட சிறு கோளமாய், ஏறத்தாழப் பதினாறாம் நாள்வரை கருப்பையின் இரு கொம்புகளிலும் நடுப்பகுதியிலும் மாறிமாறி உலாவிக்கொண்டே இருக்கின்றது. கருப்பையின் தசைகளே அதனை மெல்லத் தள்ளி உருட்டுகின்றன. 1980ஆம் ஆண்டளவிலே கழியொலிக் கருவி குதிரைகளுக்குப் பயன்படத் தொடங்கிய பின்னர், அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் இவ்வுலாவைத் திரையிலே கண்டு பதிந்துவைத்தனர்.

இவ்வுலாவுக்குப் பொருள் உண்டு. சினை தரிக்காத பெண்குதிரையிலே பதினான்காம் நாளளவிற் கருப்பைச்சுவர் ஒரு பொருளைச் சுரக்கும். அப்பொருள் சூலகத்திலுள்ள மஞ்சட்சடலத்தை அழித்துவிடும். மஞ்சட்சடலம் அழியின் கருவைத் தாங்கும் ஓமோன் குறையும். மீண்டும் பருவவேட்கை தோன்றும். 'அம்மா, நான் இங்கே இருக்கின்றேன். அப்பொருளைச் சுரவாதே' என்று கருப்பையின் ஒவ்வொரு மூலைக்கும் சென்று கரு அறிவித்தல் வேண்டும். அதற்காகவே அஃது உலாவுகின்றது. அதன் வழியை மறித்துக் கருப்பையின் ஒரு பகுதியிலே அடைத்துவைத்துச் சோதித்தபோது தாய்க்குச் செய்தி முற்றாக எட்டவில்லை. கரு நலமாயிருந்தும் அழிந்தது.

சிறுவர் விளையாடும் போளையளவே உள்ள அவ்வுயிருக்குத் தன் தாயிடம் தன்னை அறிவிக்கக் கிடைப்பன சில நாட்களே. கருப்பையிலே அழற்சியிருந்து நீர் தேங்கி நின்றால், அந்நீரிலுள்ள நஞ்சு கருவை நேரே கொல்லலாம். அழற்சியுற்ற சுவர் காலத்துக்கு முன்னரே அப்பொருளைச் சுரந்து கருவைக் கைவிடலும் கூடும். இருவழியிலும் வெளியே புலனாவது யாதுமில்லை. குருதி சிந்தாது, வலியும் தோன்றாது கரு மறைந்துவிடும். பதினைந்தாம் நாளிலே திரையிற் கண்ட கருவட்டம் முப்பதாம் நாளிலே இல்லாதிருக்கும். இவ்வாறு முதல் ஆறு வாரங்களுள் மறையும் கருக்கள் நூற்றில் ஐந்து முதல் பத்து வரை எனலாம். வயது முதிர்ந்த குதிரைகளில் இத்தொகை மேலும் உயரும்.

இன்னுமோர் இடர் உண்டு. ஐந்து வாரங்கள் கடந்தபின் கருவைச் சூழ்ந்த உயிரணுக்கள் கருப்பைச்சுவரிலே புகுந்து, கிண்ணம் போன்ற சுரப்பிகளாக அமைகின்றன. அவை ஏறத்தாழ நான்காம் மாதம் வரை ஓமோனைச் சுரந்துகொண்டிருக்கும். அவை அமைந்தபின் கரு இறந்துபடினும் அவை உடனே ஓய்வதில்லை. குழந்தை போனதறியாது தொட்டிலை ஆட்டிக்கொண்டிருக்கும் பேதையைப் போல உடல் இல்லாத கருவுக்காக உழைத்துக்கொண்டிருக்கும். அதுவரை மீண்டும் சினைப்படுத்தல் பெரும்பாலும் இயலாது, பருவமும் கழிந்துவிடும்.

வாயிலும் காவலும்

கருப்பைக்கு நோய்க்கிருமி செல்வது எவ்வாறு? இயற்கை அதற்கு மூன்று வாயில்களை அமைத்து மூன்றிலும் காவல் வைத்துள்ளது. முதுமையாலும் பல ஈற்றுக்களாலும் உடல் தளர, புறவாயில் இறுக்கம் இழக்கின்றது. காற்றும் அழுக்கும் உட்புகுகின்றன. கென்டக்கி மாநிலத்து மிருகவைத்தியர் கஸ்லிக் என்பார் 1937ஆம் ஆண்டிலே இதனை எடுத்துக்காட்டி, அவ்வாயிலின் மேற்பகுதியைத் தைத்து மூடும் எளிய சிகிச்சையொன்றை விளக்கினார். குட்டி ஈனுமுன் தையலைத் திறந்துவிடுவர். இன்றும் அச்சிகிச்சை அவர் பெயராலேயே வழங்குகின்றது.

ஒவ்வொரு சேர்க்கையின்போதும் சிறிதளவு கிருமிகள் உட்செல்லுதல் இயல்பே. உடனே வெண்குருதிக் கலங்கள் திரண்டு வந்து அவற்றை விழுங்கும். கருப்பைத் தசைகள் சுருங்கி எஞ்சியவற்றை வெளியே தள்ளும். நலமுள்ள பெண்குதிரை இரண்டு நாட்களுள் கருப்பையைத் தூய்மை செய்துவிடும். கரு கருப்பையை அடைவதற்கு அதன்பின்னும் நாள் உண்டு. முதிர்ந்த குதிரையிலே கருப்பை தாழ்ந்து தொங்குதலால் தள்ளும் ஆற்றல் குறைகின்றது, நீர் தேங்குகின்றது, தேங்கிய நீரிலே கிருமி பெருகுகின்றது. இக்காலத்து மிருகவைத்தியர் உப்புநீரால் கருப்பையைக் கழுவியும், தசையைச் சுருங்கச் செய்யும் ஓமோனை ஊசிவழி ஏற்றியும் அந்நீரை வெளியேற்றுகின்றனர். சிகிச்சையின் சாரம் வீட்டுக் கிணற்றை இறைப்பது போன்றதே: தேங்கவிடாதே, வெளியேற்று.

இவையெல்லாம் நெடுங்காலமாக அறிந்த நோய்கள். 1977ஆம் ஆண்டிலே தோன்றியதோ எவரும் அறியாத ஒன்று.

நியூமார்க்கெற்றில் ஒரு வசந்தம்

அவ்வாண்டுப் பருவத்திலே நியூமார்க்கெற் பண்ணைகளில் ஒரு புதுமை நிகழ்ந்தது. பொலிகுதிரையுடன் சேர்ந்த சில நாட்களுள், நலமாயிருந்த இளம் பெண்குதிரைகளும் சாம்பல்நிறச் சீழை மிகுதியாக வெளியேற்றத் தொடங்கின. சினை தரிக்கவில்லை. உரிய நாளுக்கு முன்னரே மீண்டும் பருவம் கொண்டன. காய்ச்சல் இல்லை, உணவில் வெறுப்பில்லை, நோய் கருப்பையளவிலேயே நின்றது. ஆயினும் ஒரு குதிரை, இரண்டு குதிரை என்று தொடங்கியது பண்ணைதோறும் பரவிற்று. அயர்லாந்திலும் இதே நிலை காணப்பட்டது. பருவம் முடியுமுன்னரே பல பொலிகுதிரைகளின் பணி நிறுத்தப்பட்டது.

மிருகவைத்தியர் சீழை எடுத்து ஆய்கூடத்திற்கு அனுப்பினர். வழக்கமான முறையில் வளர்த்தபோது, அறிந்த நோய்க்கிருமி எதுவும் முளைக்கவில்லை. நுணுக்குக்காட்டியிலே கணக்கற்ற சிறு கிருமிகள் தெரிந்தன. வளர்ப்புத் தட்டோ வெறுமையாயிருந்தது.

தீர்வு கிடைத்தது கேம்பிரிட்ஜ் நகரிலே, மனிதரின் நோய்களை ஆராயும் பொதுச் சுகாதார ஆய்கூடத்திலாகும். சூடேற்றிய குருதியைக் கலந்து சொக்கிலேற் நிறமாக்கிய ஏகார்க் களியிலே, காபனீரொட்சைட்டு மிகுந்த வளியிலே, பல நாள் பொறுத்துக் காத்திருந்தபோது அக்கிருமி வளர்ந்தது. வழக்கமான வளியிலே அது வளராது. விரைந்து பார்ப்பவர் கண்ணுக்கும் அது புலப்படாது. மாணவர் இதனைக் கருத்திற் கொள்ளவேண்டும். தட்டு வெறுமையாயிருந்தமைக்குக் கிருமி இல்லாமை காரணமன்று. அதற்கு வேண்டிய சூழலை நாம் அளிக்காமையே காரணம். 'காணவில்லை' என்பதும் 'இல்லை' என்பதும் ஒன்றல்ல.

அக்கிருமிக்கு 1978ஆம் ஆண்டிலே பெயரிட்டவர் டெயிலர் என்னும் அறிஞர். பின்னர் அது தனிச்சாதி எனத் தெளிந்தபோது, அவர் பெயராலேயே டெயிலொரெல்லா எனப்பட்டது. நோய்க்குத் தொற்றும் குதிரைக் கருப்பையழற்சி என்று பெயராயிற்று. இந்நோய் மனிதரைப் பற்றுவதில்லை என்பதையும் ஈண்டே கூறிவைப்போம்.

நோயற்ற நோயாளி

இனி, இக்கதையின் உயிர்நிலைக்கு வருவோம். கிருமி ஒரு பெண்குதிரையிலிருந்து மற்றொன்றுக்குச் சென்றது எவ்வாறு?

பொலிகுதிரையின் வழியாக. அதன் புறவுறுப்பின் தோல்மடிப்புக்களிலே அக்கிருமி குடியிருந்தது. ஆனால் பொலிகுதிரையோ பளபளக்கும் மேனியும் நிமிர்ந்த கழுத்துமாய்க் குறையேதுமின்றி நின்றது. புண் இல்லை, வீக்கமில்லை, சீழ் இல்லை. குருதியைச் சோதித்தாலும் நோய்க்கு எதிரான பொருள் ஒன்றும் அகப்படாது. ஏனெனில் கிருமி அதன் உடலினுள்ளே நுழைந்ததே இல்லை. அது நோயாளி அன்று. நோயைச் சுமக்கும் வண்டி மாத்திரமே. அதனிடம் வந்த பெண்குதிரைகள் ஒவ்வொன்றும் நோயுற்றன. 'மலடு' என்னும் சொல்லோ அப்பெண்குதிரைகளின் பெயருக்கு எதிரே பொறிக்கப்பட்டது.

அதுகாறும் பண்ணைகளிலே சேர்க்கைக்கு முன்னர்ப் பெண்குதிரைகளைச் சோதித்தலே பெருவழக்காயிருந்தது. புகழும் விலையும் வாய்ந்த பொலிகுதிரையை, அதுவும் நோய்க்குறி ஒன்றும் இல்லாததை, ஐயுறத் தோன்றுமோ? எனினும் ஐயுற்றுச் சோதித்த பின்னரே உண்மை வெளிப்பட்டது. வெளிப்பட்டபின் சிகிச்சை எத்துணை எளியது என்பதைக் கேட்டால் வாசகர் வியப்பர். கிருமிகொல்லி கலந்த நீராலே ஐந்து நாள் தொடர்ந்து நன்கு கழுவி, மருந்துக்களிம்பு பூசுவதே அது. பல கோடி பெறுமதியான பொலிகுதிரைக்கு வேண்டியிருந்தது ஒரு முறையான குளிப்பாட்டல்!

பெண்குதிரைகளும் பெரும்பாலும் சில வாரங்களுள் நலமடைந்தன. சிலவற்றில் மாத்திரம் கிருமி புறவுறுப்பின் சிறு பள்ளங்களிலே ஒளிந்து மாதக்கணக்காய் நிலைத்தது. அவையும் அறியாமலே நோயைச் சுமந்தன. ஆகையால் 'ஆணே குற்றவாளி' என்று தீர்ப்பை மாற்றி எழுதிவிடலும் பொருந்தாது. ஆண்குதிரை செய்த குற்றமும் ஒன்றுமில்லை.

கிருமியோ கடல் கடந்தது. 1978ஆம் ஆண்டின் வசந்தத்திலே, பிரான்சிலிருந்து கொண்டுவரப்பட்ட பொலிகுதிரைகள் வழியாக அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலும் நோய் தோன்றிற்று. அங்கும் சேர்க்கைகள் சிலகாலம் நிறுத்தப்பட்டன. இங்கிலாந்திலே அவ்வாண்டு முதல் ஒரு நடைமுறைக்கோவை வகுக்கப்பட்டது. ஒவ்வொரு பருவத்துக்கும் முன்னர்ப் பெண்குதிரையும் பொலிகுதிரையும் ஆகிய இருபாலும் சோதிக்கப்படல் வேண்டும் என்பதே அதன் அடிப்படை. ஆண்டுதோறும் திருத்தி வெளியிடப்படும் அக்கோவை இன்றும் பண்ணைகளின் வேதமாய் விளங்குகின்றது. அக்கோவையைப் பின்பற்றிய இடங்களில் நோய் அடங்கிற்று.

சோதியாத இடத்தில் அது காத்திருந்தது. 2008ஆம் ஆண்டு திசம்பரிலே கென்டக்கியில் ஒரு பொலிகுதிரையின் விந்தை அயல்நாட்டுக்கு அனுப்புவதற்காகச் செய்த வழமையான சோதனையிலே மீண்டும் அகப்பட்டது. தடம்பற்றிச் சென்றபோது, 48 மாநிலங்களில் 900க்கு மேற்பட்ட குதிரைகளைத் தேடிச் சோதிக்கவேண்டியதாயிற்று. நோய்க்குறியற்ற இருபதுக்கு மேற்பட்ட ஆண்குதிரைகள் கிருமியைச் சுமந்திருந்தன. எவரும் ஐயுறாத காலமெல்லாம் அக்கிருமி ஓசையின்றி உலாவியிருந்தது.

புழுவின் மயிர்

பழி தவறான இடத்தைச் சென்றடைவதற்கு மற்றுமோர் எடுத்துக்காட்டு உண்டு. 2001ஆம் ஆண்டு ஏப்பிரல் இறுதியிலும் மே மாதத்திலும், அதே கென்டக்கியிலே சினைக்குதிரைகளின் கருக்கள் ஒருங்கே இறக்கத் தொடங்கின. இரண்டாம் மாதச் சோதனைக்கு வந்த குதிரைகளின் வயிற்றிலே, சில நாட்களுக்கு முன் துடித்த கரு அசைவற்றுக் கிடந்தது. நிறைமாதக் குதிரைகள் இறந்த குட்டிகளை ஈன்றன. ஆயிரக்கணக்கான குட்டிகள் இழக்கப்பட்டன. பொருளிழப்பு 30 கோடி டொலருக்கு மேல் என்று மதிப்பிட்டனர்.

புல்லிலே பூஞ்சணநஞ்சு என்று முதலில் ஐயுற்றனர். பின்னர், பண்ணை வேலியோரம் நின்ற காட்டுச் செரி மரத்தின் இலையிலுள்ள சயனைட்டு நஞ்சு என்று ஐயுற்றனர். மரங்கள் வெட்டப்பட்டன. ஆனால் உண்மை மரத்திலன்று, மரத்தின் இலையைத் தின்று அவ்வாண்டு அளவின்றிப் பெருகிய மயிர்க்கொட்டிப் புழுக்களிலே இருந்தது. மேய்ச்சலோடு குதிரைகள் அப்புழுக்களையும் விழுங்கின. புழுக்களைத் தின்னக் கொடுத்துச் செய்த சோதனைகளிலே குதிரைகளின் கரு கலைந்தது. அடுத்த ஆண்டுகளில் இஃது உறுதியாயிற்று. புழுவின் முள்மயிர் குடற்சுவரைத் துளைக்க, அவ்வழியே வாயிலும் குடலிலும் இயல்பாய் வாழும் பற்றீரியாக்கள் குருதியிற் புகுந்து, காவல் குறைந்த கருவைச் சென்று தாக்கின என்பதே இன்று பெரிதும் ஏற்கப்படும் விளக்கம். 2004ஆம் ஆண்டளவிலே அவுஸ்திரேலியாவிலும் வேறோர் இன மயிர்க்கொட்டியால் இதையொத்த கருவிழப்புக் காணப்பட்டது.

தாயின் கருப்பையைச் சோதித்தால் அங்கே பற்றீரியா இருக்கும். 'கருப்பையிலே நோய், ஆகவே தாயின் குறை' என்று எழுதிவிடல் எளிது. ஆனால் அந்நோய் புறப்பட்ட இடம் ஒரு மரக்கிளை!

நம் முற்றத்தில்

குதிரைகளைப் பற்றி இத்துணையும் கூறியது ஏன் என்பதை இப்போது கூறுவோம்.

நாம் சிறுவராயிருந்தபோது எமது அயலிலே ஓர் அக்கா இருந்தார். மணமாகி எட்டு ஆண்டுகள் ஆகியும் குழந்தை இல்லை. இருமுறை கரு உண்டாகி இரண்டாம் மாதத்திலேயே கலைந்தது என்பதைப் பிற்காலத்திலேதான் அறிந்தோம். அவர் கந்தசட்டி விரதத்தின் ஆறு நாளும் மிளகும் நீருமே உட்கொண்டிருப்பார். 'சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்' என்னும் பழமொழிக்கு, சட்டி விரதம் இருந்தால் அகத்திலுள்ள பையிலே பிள்ளை வரும் என்று ஊரார் விரித்துரைக்க, அதனைக் கேட்டுப் புன்முறுவலோடு தலைகுனிவார். கலியாண வீட்டிலே ஆரத்தித் தட்டை எடுக்க அவர் ஒருபோதும் அழைக்கப்பட்டதில்லை. 'அவள் அன்றைக்குத் தண்ணீர்க்குடம் தூக்கினாள், அதனால்தான் கலைந்தது' என்று கூறியவர்களும் உளர். அவருக்கு நாட்டுமருந்து கொடுத்தனர், நூல் கட்டினர், பெரியாசுபத்திரிக்கும் அழைத்துச் சென்றனர். அவருடைய கணவர் நல்லவர், உடல்வலிமை மிக்கவர். அவரையும் ஒருமுறை சோதித்துப் பார்க்கலாமே என்று அந்த எட்டு ஆண்டுகளில் ஒருவரும் கூறியதாக நாம் கேட்டதில்லை. அவர் நோயற்றவராய்த் தோன்றினார் அன்றோ?

அவர்களிடத்திலே காரணம் யாதென்பதை எவரும் தேடவில்லை. ஆனால் ஊரேட்டிலே அச்சொல் மாத்திரம் அக்காவின் பெயருக்கு எதிரே பொறிக்கப்பட்டுவிட்டது.

இன்றைய மருத்துவம் கூறுவதைக் கேளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டிலே வெளியிட்ட அறிக்கையின்படி, வளர்ந்தோருள் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒருகாலத்தேனும் மகப்பேறின்மையை எதிர்கொள்கின்றனர். அத்தகைய தம்பதிகளுள் ஏறத்தாழப் பாதிப்பேரிடத்து, ஆணின் பக்கத்துக் காரணம் தனித்தோ பெண்ணின் பக்கத்துக் காரணத்தோடு சேர்ந்தோ காணப்படுகின்றது. ஆணுக்குச் செய்யும் முதற்சோதனையோ எளியது, செலவு குறைந்தது, உடலை நோவச் செய்யாதது. தொடக்க மாதங்களிலே கலையும் கருக்களுள் ஏறத்தாழப் பாதி, நிறமூர்த்தங்களின் தற்செயலான பிழையால் வளர இயலாதவை. தண்ணீர்க்குடத்தாலோ படி ஏறியதாலோ கலைந்தவை அல்ல. ஓராண்டு காத்திருந்தும் கருத்தரிக்கவில்லையாயின் கணவனும் மனைவியும் ஒருங்கே மருத்துவரை நாடுதலே முறை. மனைவியின் வயது முப்பத்தைந்தைக் கடந்திருந்தால் ஆறு மாதத்துக்குமேல் காத்திருத்தல் வேண்டா.

விரதத்தை நாம் இகழவில்லை. முருகனிடம் முறையிடுவோர்க்கு நெஞ்சுறுதி உண்டாகின்றது; அதுவும் ஒரு மருந்தே. ஆனால் விரதமும் கணவனும் மனைவியும் கூடி இருக்கவேண்டியது, சோதனையும் அவ்வாறே.

நியூமார்க்கெற் பண்ணையாளர் தரும சிந்தையால் இருபாலையும் சோதிக்கத் தொடங்கினர் என்று எண்ணற்க. பொருளிழப்பே அவர்களை அவ்வழிக்குச் செலுத்திற்று. விலைமதிப்புள்ள குதிரையாதலின், பழி சுமத்துவதால் பயனில்லை, காரணத்தைக் காணவேண்டும் என்று ஒரே பருவத்தில் அறிந்துகொண்டனர். பழியை இடம் மாற்றி ஆணின் தலையிலே வைப்பதும் எம் கருத்தன்று. பழி என்னும் ஏட்டையே மூடிவிட்டுக் காரணம் என்னும் ஏட்டைத் திறக்கவேண்டும் என்பதே எம் வேண்டுகோள். ஒரு பெண்குதிரைக்கு 1978ஆம் ஆண்டிலே கிடைத்த நீதி, நம் வீட்டுப் பெண்ணுக்கு இன்னும் கிடைக்கவில்லையாயின் அது யார் குறை?

அந்த அக்காவுக்கு இன்று அறுபது வயது கடந்துவிட்டது. சென்ற தையிலே எமது உறவினர் வீட்டுத் திருமணத்தில் அவரைக் கண்டோம். பின்வரிசையிலே அமர்ந்திருந்தார். மணமகளின் தாய் அவரிடம் சென்று, "அக்கா, வாருங்கோ, நீங்களும் ஒரு ஆரத்தி எடுங்கோ" என்று கைப்பற்றி அழைத்தார். அவர் எழுந்து நின்ற நிலையும், சேலைத்தலைப்பைச் சரிசெய்த விரல்கள் நடுங்கியதும் எம் கண்ணை விட்டு அகலவில்லை. ஊரேட்டிலிருந்து ஒரு சொல்லை அழித்தல் அத்துணை எளிது. ஆயினும் அதற்கு நாற்பது ஆண்டுகள் சென்றன.